கடைசிப் பேஸ்லிப்பில் ஒரு வரி

2025 ஜூலை முதல் ஞாயிறு. இடியப்பத்துக்கு மாக் குழைத்துக்கொண்டு நின்றேன். சித்தியின் மகன் சப்பாத்தையும் கழற்றாமல் குசினிக்குள் வந்து போனை நீட்டினான்.

“அக்கா, இதை ஒருக்காப் பாருங்கோ. கடைசிச் சம்பளத்தில தொளாயிரத்துச் சொச்சம் வெட்டிப்போட்டாங்கள்.”

லண்டனில் ஒரு பெற்றோல் ஸ்டேஷனில் இரண்டு வருடத்துக்கு மேலாக இரவு வேலை செய்தவன். ஜூன் 30 அவனுடைய கடைசி நாள். பேஸ்லிப்பின் மேற்பக்கத்தில் மாதச் சம்பளம் 2,116 பவுண் என்று சரியாகத்தான் இருந்தது. அதற்குக் கீழே ‘ஹொல் அட்ஜ்’, அதாவது ஹொலிடே அட்ஜஸ்ட்மென்ட், என்று ஒரு குட்டி வரி. பக்கத்தில் கழித்தல் குறியோடு 984.81. எத்தனை நாள், நாளுக்கு எவ்வளவு என்று ஒரு சொல் இல்லை.

“மனேஜரைக் கேட்டனியோ?”

“கேட்டனான். தையில ஊருக்குப் போய் நாலு கிழமை நிண்டனி, அந்தக் காசுதான் எண்டார்.”

“நீ என்ன சொன்னனி?”

“என்னத்தைச் சொல்லுறது? போனது உண்மைதானே.”

இந்த இடத்தில்தான் எங்கட பிள்ளைகள் பலர் போனை வைத்துவிடுகிறார்கள். லீவு எடுத்தது உண்மை என்றதும், வெட்டிய தொகையும் உண்மை என்று நம்பிவிடுகிறார்கள். நான் பதினாறு வருடமாக ஒரு கம்பனியின் சம்பளப் பிரிவில் இருக்கிறேன். அதாவது வெட்டுகிற பக்கத்தில் இருக்கிறவள். அந்தப் பக்கத்திலிருந்து பார்த்ததைச் சொல்கிறேன்: கடைசிச் சம்பளக் கணக்கை யாரும் உட்கார்ந்து யோசித்துப் போடுவதில்லை. கடைசி நாளைக் கணினியில் அடித்தால் அது ஒரு இலக்கத்தைத் துப்பும். வேலைக்குச் சேர்ந்த நாளன்று யாராவது பிழையான எண்ணை உள்ளே போட்டிருந்தால், அந்தப் பிழை இரண்டு வருடம் சத்தம் போடாமல் கிடந்து, கடைசி நாளில் வெளியே வரும். தம்பிக்கு நடந்தது அதுதான்.

மாவை மூடி வைத்துவிட்டு, மின்சார பில் வந்த உறையின் பின்பக்கத்தில் கணக்குப் போட்டோம்.

இந்தக் கணக்குக்கு மூன்று எண் போதும். வருடத்துக்கு உங்களுக்கு எத்தனை நாள் லீவு, லீவு வருடத்தில் கடைசி நாள் வரைக்கும் எவ்வளவு பங்கு கழிந்தது, இதுவரை எத்தனை நாள் எடுத்தீர்கள். முதலாவதை இரண்டாவதால் பெருக்கி மூன்றாவதைக் கழிக்க வேண்டும். மிச்சம் வந்தால் அவர்கள் உங்களுக்குத் தர வேண்டும். கழித்தல் குறி வந்தால் நீங்கள் கூட எடுத்திருக்கிறீர்கள். 1998ஆம் ஆண்டின் வேலை நேர ஒழுங்குவிதிகளில் இருக்கிற சூத்திரமே இதுதான். ஐந்தாம் வகுப்புக் கணக்கு.

இங்கே சட்டப்படி ஆகக் குறைந்த லீவு வருடத்துக்கு 5.6 கிழமை. கிழமைக்கு ஐந்து நாள் வேலை செய்கிறவருக்கு 28 நாள். தம்பி ஐந்து நாள் வேலை, ஜனவரியிலிருந்து டிசெம்பர் வரை லீவு வருடம். ஜூன் 30 வரை 365இல் 181 நாள் கழிந்திருக்கிறது. 28ஐ அந்தப் பங்கால் பெருக்கினால் 13.88 நாள். எடுத்தது 20. கூட எடுத்தது கிட்டத்தட்ட 6.1 நாள். அப்போது அவனுடைய மணிச் சம்பளம் 12.21 பவுண், எட்டு மணித்தியால நாளுக்கு 97.68. ஆக, வெட்டத்தான் வேண்டுமென்றாலும் 597 பவுண்தான் வரும். மிச்சம் 387 எங்கேயிருந்து வந்தது?

“தம்பி, பாங்க் ஹொலிடேயில நீ வேலைக்குப் போறனியோ?”

“பெற்றோல் ஸ்டேஷன் எப்ப அக்கா பூட்டுறது? நத்தாருக்கும் நிண்டனான்.”

விஷயம் பிடிபட்டது. 28 நாளிலிருந்து பாங்க் ஹொலிடே எட்டையும் கழித்து, வருடத்துக்கு 20 நாள் என்று அவனுடைய பெயருக்குப் பதிந்து வைத்திருக்கிறார்கள். பாங்க் ஹொலிடேக்குக் கதவைப் பூட்டுகிற ஒஃபிஸ்களில் அப்படிப் பதிவதில் பிழையில்லை. அந்த எட்டு நாளும் சம்பளத்தோடு வீட்டில் இருக்கிறார்கள், 20ம் 8ம் 28. ஆனால் தம்பி அந்த நாட்களிலும் வேலைக்கு நின்றவன். அவனுக்கு அந்த எட்டு நாளும் வேறு நாட்களில் லீவாகக் கிடைத்திருக்க வேண்டும். 20ஐ வைத்துப் போட்டுப் பார்த்தேன். 9.92 நாள்தான் சேர்ந்தது, 10.08 நாள் கூட. அதை 97.68ஆல் பெருக்க 984 பவுண் சொச்சம், பேஸ்லிப்பில் இருந்த அதே தொகை.

கடை, ரெஸ்ரோரன்ட், கேர் ஹோம், பெற்றோல் ஸ்டேஷன் வேலைக்காரர் எல்லாரும் இந்த 20ஐயும் 28ஐயும் முதலில் பாருங்கள். நான் கண்ட சண்டைகளில் இந்தப் பிழைதான் அடிக்கடி வருவது.

இன்னொன்று, லீவு வருடம் எல்லா இடத்திலும் ஜனவரியில் தொடங்குவதில்லை. சில இடங்களில் ஏப்ரல். கொன்ட்ராக்ட்டில் ஒன்றும் எழுதியிருக்காவிட்டால், நீங்கள் வேலைக்குச் சேர்ந்த தேதியிலிருந்துதான் உங்கள் லீவு வருடம். தொடக்கத் தேதி மாறினால் கணக்கு முழுதும் மாறும்.

கையெழுத்து எங்கே?

597 சரி என்று வைத்துக்கொள்வோம். அதையாவது வெட்டலாமா? தம்பியே, “அந்த ஆறு நாளையும் கழிக்கட்டும் அக்கா, எடுத்ததுதானே” என்றான். நல்ல பிள்ளை. ஆனால் சட்டம் அவனை விடக் கண்டிப்பானது.

கூட எடுத்த லீவுக்கான காசை, முன்கூட்டியே எழுத்தில் உடன்பாடு இருந்தால் மட்டுமே கடைசிச் சம்பளத்தில் பிடிக்கலாம். கொன்ட்ராக்ட்டில், ‘வேலையை விடும்போது சேர்ந்த அளவுக்கு மேல் லீவு எடுத்திருந்தால் கடைசிச் சம்பளத்தில் கழிக்கப்படும்’ என்ற கருத்தில் ஒரு வரி இருக்க வேண்டும். வாயால் சொன்னது, எல்லா இடத்திலும் வழக்கம், மனேஜருடைய வட்ஸ்அப் மெசேஜ் எதுவும் அந்த வரிக்கு ஈடாகாது. வெட்டிய பிறகு நீட்டுகிற கடதாசியில் கையெழுத்து வாங்கினாலும் பழைய வெட்டு சரியாகாது. 1996ஆம் ஆண்டின் தொழில் உரிமைச் சட்டமும் சம்பள வெட்டுக்கு முன்கூட்டிய எழுத்துச் சம்மதத்தைத்தான் கேட்கிறது. ‘கூடக் கொடுத்த சம்பளத்தைத் திருப்பி எடுத்தோம்’ என்று சில முதலாளிமார் சுற்றி வருவார்கள். அந்த வழியும் அடைபட்டதுதான். 2002இல் ஹில் எதிர் சப்பெல் வழக்கில் மேன்முறையீட்டுத் தீர்ப்பாயம், எழுத்தில் உடன்பாடு இல்லையென்றால் கூட எடுத்த லீவுக் காசைத் திரும்பப் பிடிக்க முடியாது என்று சொல்லிவிட்டது. லீவைக் கேட்டது நீங்கள், ‘போ’ என்று விட்டது அவர்கள்.

ஆகவே கொன்ட்ராக்ட்டைத் தேடுங்கள். தம்பியின் கொன்ட்ராக்ட் பழைய ஈமெயிலில், ‘ப்ரோமோஷன்ஸ்’ பெட்டிக்குள், ஒரு பீட்சாக் கடை விளம்பரத்துக்குக் கீழே கிடந்தது. இரண்டே பக்கம். லீவு பற்றி ஒரு பந்தி இருந்தது, கழிக்கிற வரி இல்லை. கொன்ட்ராக்ட் என்று ஒன்றைக் கண்ணிலேயே காணாதவர்களும் இருக்கிறீர்கள். 2020 ஏப்ரல் 6க்குப் பிறகு வேலைக்குச் சேர்ந்த எவருக்கும் முதல் நாளிலேயே வேலை விபரங்களை எழுத்தில் தர வேண்டும். தராதது அவர்களுடைய பிழை. எழுத்து இல்லாத இடத்தில் வெட்டும் உரிமையும் இல்லை என்பதால், கொன்ட்ராக்ட் தராத முதலாளி இந்த விஷயத்தில் தன் காலிலேயே கோடரி போட்டவர்.

ஸ்ராஃப் ஹாண்ட்புக் விஷயத்தில் மட்டும் கவனம். கொன்ட்ராக்ட்டில் ‘ஹாண்ட்புக்கில் உள்ளவையும் இதில் அடங்கும்’ என்று இருந்து, நீங்கள் அதற்குக் கையெழுத்து வைத்திருந்தால், அந்த நூறு பக்கப் புத்தகத்துக்குள் இந்த வரி ஒளிந்திருக்கலாம். கணினியில் ‘வாசித்தேன், சம்மதம்’ என்று தட்டியதும் கணக்கில் வரலாம். நோட்டீஸ் கொடுக்க முதலே தேடிப் பார்க்க வேண்டிய பக்கம் அது.

நோட்டீஸ் கொடுக்க முதல்

வேலையை விடுவதென்று மனதில் முடிவெடுத்த பிறகு முதல் வேலை ராஜினாமாக் கடிதம் எழுதுவதில்லை. “எனக்கு இந்த வருடம் இன்னும் எத்தனை நாள் ஹொலிடே இருக்கிறது?” என்று ஈமெயிலில் ஒரு கேள்வி அனுப்புங்கள். சாதாரணக் கேள்வி, எல்லாரும் கேட்பது. பதிலை உங்கள் சொந்த ஈமெயிலுக்கு அனுப்பி வையுங்கள், ஏனென்றால் நோட்டீஸ் கொடுத்த அன்றே ஒஃபிஸ் ஈமெயிலைப் பூட்டுகிற இடங்கள் உண்டு. ரோட்டாவையும் பழைய பேஸ்லிப்புகளையும் அந்தக் கிழமையே போனில் படமெடுத்து வையுங்கள்.

பிறகு மேலே சொன்ன கணக்கைப் போட்டு, கடைசி நாளைத் தீர்மானியுங்கள். 28 நாள் உரிமை உள்ளவருக்கு மாதத்துக்கு 2.33 நாள் சேருகிறது. தம்பி செப்டெம்பர் 18 வரைக்கும் அதே வேலையில் நின்றிருந்தால் அவன் எடுத்த 20 நாளும் சேர்ந்து முடிந்திருக்கும், கழிக்க ஒன்றும் இராது. புது வேலை காத்திருக்கவில்லை, அது வேறு கதை. ஆனால் ஒரு கிழமை முன்னே பின்னே போடலாம் என்கிறவர்கள் இதைப் பார்த்துவிட்டுத் தேதி போடலாம். வருடத் தொடக்கத்திலேயே ஊருக்கு நீண்ட பயணம் போகிற எங்கட பழக்கத்தில் இந்தக் கணக்கு சுடும். தை, மாசியில் கல்யாணம், சித்திரையில் திருவிழா. லீவு முழுதும் முன்னுக்கே போய்விடும். அதற்குப் பிறகு வருட நடுவில் வேலை மாறினால் கழித்தல் குறிதான்.

மறுபக்கமும் உண்டு. லீவு மிச்சம் இருக்கிறது, காசாக வாங்குவோம் என்று நீங்கள் கணக்குப் போட்டிருப்பீர்கள். நோட்டீஸ் காலத்தில் அந்த லீவை எடுத்து முடி என்று முதலாளி சொல்லலாம், அதற்கு அவருக்கு உரிமை இருக்கிறது. ஆனால் லீவின் நாட்களைப் போல இரண்டு மடங்கு நாள் முன்னரே சொல்ல வேண்டும். ஐந்து நாள் லீவில் அனுப்புவதென்றால் பத்து நாள் முன்னதாக. வெள்ளிக்கிழமை பின்னேரம் கூப்பிட்டு, “திங்களிலிருந்து நீ ஹொலிடேயில் இருக்கிறாய்” என்றால் அது எடுபடாது. கொன்ட்ராக்ட்டில் வேறுவிதமாக எழுதியிருக்கிறதா என்றும் ஒருமுறை பாருங்கள்.

‘நோட்டீஸ் தராமல் போனாய், அதனால் ஹொலிடேக் காசு இல்லை.’ இதையும் நம்பாதீர்கள். சட்டம் தரும் 5.6 கிழமையில் சேர்ந்த மிச்ச லீவுக் காசு, களவெடுத்ததற்காக வேலையிலிருந்து நிறுத்தப்பட்டவருக்கும் உரியது. அதற்கு மேலே கம்பனி தானாகத் தருகிற கூடுதல் லீவுக்கு மட்டும்தான் அவர்கள் தங்கள் நிபந்தனைகளைப் போடலாம்.

தருகிறபோது 365, வெட்டுகிறபோது 260

இது சம்பளப் பிரிவுப் பக்கத்து விளையாட்டு, சிரிப்பும் வரும், எரிச்சலும் வரும். வருடச் சம்பளம் 26,000 பவுண் என்று வையுங்கள். ஒரு நாள் சம்பளம் எவ்வளவு? 365ஆல் பிரித்தால் 71.23. வேலை நாட்கள் 260ஆல் பிரித்தால் 100. உங்களுக்கு ஐந்து நாள் லீவு மிச்சம் என்றால் முதல் கணக்கில் 356, இரண்டாவதில் 500. அதே கம்பனி உங்களிடம் ஐந்து நாள் வெட்டுகிறபோது எந்தக் கணக்கைப் போடும் என்று நான் சொல்லத் தேவையில்லை. 2023இல் ஒரு பொலிஸ் பிரிவின் ஊழியர் இதே 365 கணக்கை எதிர்த்து மேன்முறையீட்டுத் தீர்ப்பாயம் வரை போய் வென்றார். வேலையில் இருக்கும்போது லீவு எடுத்தால் எவ்வளவு கிடைத்திருக்குமோ அதைவிடக் குறைத்து, விலகும்போது தரக்கூடாது. கொன்ட்ராக்ட்டில் 365 என்று எழுதியிருந்தாலும் சட்டம் தரும் லீவுக்கு அது செல்லாது.

சம்பளம் கிழமைக்குக் கிழமை மாறுகிறவர்களுக்கு, கடைசி 52 வேலைக் கிழமைகளின் சராசரியைப் பார்க்க வேண்டும். ஒழுங்காகச் செய்த ஓவர்டைமும் அதில் சேர வேண்டும். கொன்ட்ராக்ட்டில் 20 மணித்தியாலம் என்று போட்டு வருடம் முழுக்க 35 மணித்தியாலம் வேலை வாங்கிவிட்டு, ஹொலிடேக் காசை மட்டும் 20க்குக் கொடுப்பது கடைகளில் சாதாரணம். பேஸ்லிப்பில் மணித்தியாலம் காட்டியே ஆக வேண்டும் என்று 2019 ஏப்ரலிலிருந்து விதி இருக்கிறது. மணிக் கூலிக்காரர் அந்தத் தாள்களை எறியவே கூடாது.

என் சொந்த முட்டாள்தனம் ஒன்று. 2005இல் பிஷப்ஸ்கேட் பக்கம் ஒஃபிஸ் துடைக்கிற வேலை. விடியப்புறம் நாலரைக்கு நைற் பஸ். “ஹொலிடேக் காசு மணிச் சம்பளத்துக்குள்ளேயே இருக்கு பிள்ளை” என்று சுப்பர்வைசர் சொன்னார். அவரும் எங்கட ஆள்தான். மூன்று வருடம் நம்பினேன். அப்போது சட்டப்படி வருடத்துக்கு நாலு கிழமை. 2007 ஒக்டோபரில் 4.8 ஆகி, 2009 ஏப்ரலில்தான் 5.6 ஆனது. மூன்று வருடத்தில் ஒரு நாளும் சம்பளத்தோடு லீவு எடுத்ததில்லை. விலகும்போது ஒரு பென்ஸும் கேட்டதில்லை. என் மணிச் சம்பளம் அந்தக் காலத்து ஆகக் குறைந்த கூலியேதான். அதற்குள் ஹொலிடேக் காசு எங்கே இருந்திருக்க முடியும் என்று யோசிக்கிற புத்தி சம்பளப் பிரிவுக்கு வந்த பிறகுதான் வந்தது.

இப்போது விதி தெளிவாக இருக்கிறது. வேலை நேரம் நிலையில்லாதவர்களுக்கும் வருடத்தில் சில மாதம் மட்டும் வேலை செய்கிறவர்களுக்கும், 2024 ஏப்ரல் 1இலிருந்து தொடங்கும் லீவு வருடங்களில், ஹொலிடேக் காசைச் சம்பளத்தோடு சேர்த்துத் தரலாம். 12.07 சதவீதம் என்ற எண் காதில் விழுந்திருக்கும். வருடத்தின் 52 கிழமையில் 5.6 போக 46.4, அதில் 5.6 எத்தனை வீதம் என்பதுதான் அது. ஆனால் அந்தத் தொகை பேஸ்லிப்பில் தனி வரியாக இருக்க வேண்டும். ‘உள்ளுக்குள்ளே இருக்கு’ என்ற கதை செல்லாது. ஒவ்வொரு கிழமையும் ஒரே நேரத்துக்கு வேலை செய்கிற நிரந்தர ஊழியருக்கு அப்படிச் சேர்த்துத் தரவும் முடியாது.

பிள்ளைப்பேற்று லீவிலிருந்தே விலகுகிற தங்கச்சிமாருக்கு

இதை யாரும் சொல்வதில்லை, அதனால் கொஞ்சம் நின்று சொல்கிறேன். ஒரு வருடம் பிள்ளையோடு வீட்டில் இருந்துவிட்டு, குழந்தைக் காப்பகச் செலவைப் பார்த்துவிட்டு, ‘இனிப் போகேல்லை’ என்று கடிதம் கொடுக்கிற தங்கச்சிமார் எத்தனையோ பேர். சம்பளம் நின்றே பல மாதமாகிவிட்டதால், இனிக் கம்பனியிலிருந்து வர ஒன்றுமில்லை என்று நினைக்கிறார்கள். இருக்கிறது. பிள்ளைப்பேற்று லீவில் இருக்கிற 52 கிழமையும் உங்களுக்கு லீவு சேர்ந்துகொண்டுதான் இருக்கும். எடுக்க முடியாமல் போனதை அடுத்த லீவு வருடத்துக்குக் கொண்டுபோகவும் முடியும். விலகும்போது அது காசாக வர வேண்டும்.

ஹரோவில் எனக்குத் தெரிந்த ஒரு பெண், ஒரு சிறுவர் காப்பகத்தில் உதவியாளர். விலகும்போது, “வேலைக்கே வராமல் என்ன ஹொலிடே?” என்று கேட்டார்களாம். அவள் அழுதுகொண்டு எனக்குப் போன் எடுத்தாள். அன்றிரவே இரண்டு பேருமாக ஒரு ஈமெயில் எழுதினோம். வருடம் முழுவதற்குமான 28 நாளும், அதற்கு முதல் எடுக்காமல் விட்ட நாலு நாளும் அடுத்த மாதம் வந்தது. ஒரு மாதச் சம்பளத்துக்கு மேலே. அந்தக் காசில் அவள் இரட்டைத் தொட்டில் வண்டி வாங்கினாள், ஏனென்று கேட்காதீர்கள். திரும்பி வராததால் பிள்ளைப்பேற்றுக் காசைத் திருப்பித் தரச் சொன்னால், சட்டப்படி வந்த பகுதியைத் திருப்பத் தேவையில்லை. கம்பனி தன் பாட்டில் கூடத் தந்ததை மட்டும், கொன்ட்ராக்ட்டில் எழுதியிருந்தால், கேட்கலாம்.

ரில்லில் குறைந்த காசு

ஹொலிடே வெட்டோடு சேர்ந்து வருகிற இன்னொரு வெட்டு இது. கடை, பெற்றோல் ஸ்டேஷன் வேலையில் ரில்லில் காசு குறைந்தாலோ சாமான் குறைந்தாலோ, கொன்ட்ராக்ட் இடம் கொடுத்தால்கூட ஒரு சம்பளத்தில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் வெட்ட முடியாது. ஆனால் கடைசிச் சம்பளத்துக்கு அந்த உச்சவரம்பு இல்லை. அதனால்தான் சிலர் பழைய குறைவுகளையெல்லாம் கடைசி நாளுக்கு என்று சேர்த்து வைக்கிறார்கள். யாராவது பெற்றோல் அடித்துவிட்டுக் காசு தராமல் ஓடினால், அது உங்கள் சம்பளத்தில் விழும் என்று கொன்ட்ராக்ட் சொல்கிறதா என்று சேருகிற நாளிலேயே பாருங்கள்.

கடிதம், பிறகு நாட்காட்டி

இனிச் செய்ய வேண்டியது. போனில் சண்டை வேண்டாம். ஒரு ஈமெயில். அதில் நாலு விஷயம் போதும்: எந்தத் தேதிச் சம்பளத்தில் எவ்வளவு வெட்டப்பட்டது, அந்தக் கணக்கு எப்படிப் போடப்பட்டது என்ற விபரம் வேண்டும், எந்த எழுத்து உடன்பாட்டின்படி வெட்டினீர்கள், அதன் பிரதி வேண்டும், இத்தனையாம் தேதிக்குள் திருப்பித் தராவிட்டால் ஏகாஸுக்குப் போவேன். ‘இரண்டு வருடம் நாய் மாதிரி உழைத்தேன்’ என்பது வேண்டாம். உண்மைதான், ஆனால் அதைப் போட்டால் பதில் அதற்கு மட்டும்தான் வரும், கணக்குக்கு வராது. ஆங்கிலம் தயக்கமென்றால் வீட்டுப் பிள்ளையைக் கொண்டு எழுதுவியுங்கள். பதினாலு வயதுப் பிள்ளைகள் இதை நல்ல வடிவாக எழுதுகிறார்கள்.

ஏகாஸ் என்பது முதலாளி, தொழிலாளி இரு பக்கத்துக்கும் பொதுவான அரச உதவியோடு நடக்கிற அமைப்பு. 0300 123 1100 என்று எடுத்துக் கேட்கலாம். தீர்ப்பாயத்துக்குப் போக முதல் அவர்களுக்கு அறிவித்தே ஆக வேண்டும், சமரசம் பேசுவது உங்கள் விருப்பம். இலவசம். தீர்ப்பாயத்துக்கும் இப்போது கட்டணம் இல்லை. 2013இல் கொண்டுவந்தார்கள், 2017 ஜூலையில் உச்ச நீதிமன்றம் அது சட்டவிரோதம் என்று தூக்கிப்போட்டது. ‘கோட்டுக்குப் போனால் ஆயிரக்கணக்கில் செலவாகும்’ என்று இன்றைக்கும் எங்கட கடைகளில் பயமுறுத்துவது அந்த நாலு வருடக் கதையை வைத்துத்தான்.

எல்லாவற்றையும் விட நாட்காட்டி முக்கியம். வெட்டப்பட்ட சம்பளம் கைக்கு வந்த நாளிலிருந்து மூன்று மாதத்துக்கு ஒரு நாள் குறைவு, அதற்குள் ஏகாஸுக்கு அறிவித்திருக்க வேண்டும். தம்பிக்குச் சம்பளம் வந்தது ஜூலை 4. கடைசி நாள் ஒக்டோபர் 3. குளிர்சாதனப்பெட்டியில் ஒட்டியிருந்த கோயில் கலண்டரில் சிவப்புப் பேனையால் வட்டம் போட்டேன். ‘அடுத்த கிழமை பாக்கிறம்’ என்று கம்பனி இழுக்கிற நாட்கள் இந்தக் கெடுவை நீட்டாது. 2025 கடைசியில் நிறைவேறிய தொழில் உரிமைச் சட்டம் இந்தக் கெடுவை ஆறு மாதமாக்குகிறது. உங்கள் விஷயத்துக்கு எது பொருந்தும் என்று ஏகாஸில் கேளுங்கள், ஆனால் மூன்று மாதம்தான் என்று நினைத்துக்கொண்டே ஓடுங்கள். வட அயர்லாந்தில் இருப்பவர்களுக்கு ஏகாஸ் இல்லை, அங்கே தொழில் உறவுகள் முகவரகம் என்று தனியாக இருக்கிறது.

விசாவை முதலாளி பிடித்து வைத்திருக்கிற கேர் வேலைப் பிள்ளைகளுக்கு ஒரு சொல்: உங்கள் ஹொலிடேக் காசு உரிமை மற்றவர்களுடையது போலத்தான். ஆனால் விலகுகிற தேதி விசாவோடு முடிச்சுப் போட்டது. அதைத் தகுதிபெற்ற குடிவரவு ஆலோசகரிடம் முதலில் கேட்டுவிட்டு, பிறகு இந்தச் சண்டையைத் தொடங்குங்கள்.

‘அவர் எங்கட ஊர் ஆள், அம்மாவின் தெரிஞ்ச குடும்பம்’ என்பதும் வரும். சித்திக்கும் அந்தக் கவலை இருந்தது. கோயிலில் முகம் பார்க்க வேண்டுமே என்றார். நான், “அவர் வெட்டின கையோட கோயிலுக்கு வாறாரெல்லே?” என்று கேட்டேன். அதற்குப் பிறகு சித்தி கதைக்கவில்லை.

தம்பியின் ஈமெயில் திங்கட்கிழமை போனது. வியாழக்கிழமையே 387.50 பவுண் வங்கியில் விழுந்தது, ‘சிறு கணக்குத் தவறு’ என்ற குறிப்போடு. தம்பி அதோடு விட்டுவிடப் பார்த்தான். நான் விடவில்லை, இதற்காக என்னைப் பிடிவாதக்காரி என்று வீட்டில் எல்லாரும் சொன்னார்கள். மிச்சத்துக்கு முதலாளி பக்கம் ஒரு ஹாண்ட்புக்கை அனுப்பியது. அதில் கழிக்கிற வரி இருந்தது. முன் அட்டையில் 2025 மே என்றும் இருந்தது. தம்பி அதைப் பார்த்ததும் இல்லை, கையெழுத்து வைத்ததும் இல்லை. ஓகஸ்ட் நடுப்பகுதியில் ஏகாஸுக்கு அறிவித்தோம். ஏகாஸ் ஆள் போனில் கதைக்கும்போது, வாயால் ‘சரி’ என்று சொன்னாலே உடன்பாடு முடிந்துவிடும், பிறகு மாற முடியாது என்று அவனுக்கு முதலே சொல்லி வைத்திருந்தேன். முதலில் 200 தருகிறோம் என்றார்கள். “அக்காவைக் கேட்டுச் சொல்லுறன்” என்றானாம். அடுத்த தரம் 597.31உம் வந்தது.

போன மாதம் அவன் இன்னொரு வேலைக்கு மாறப் போகிறேன் என்று வந்தான். இந்தமுறை சப்பாத்தைக் கழற்றிவிட்டு வந்தான். கொன்ட்ராக்ட்டை அச்செடுத்து, ஏழாம் பக்கத்தில் மஞ்சள் கோடு போட்டிருந்தான். கூட எடுத்த லீவைக் கடைசிச் சம்பளத்தில் கழிப்போம் என்ற வரி.

“இதில கையெழுத்து வைக்கலாமோ அக்கா?”

“வை. ஆனா அடுத்த தையில ஆற்ற கல்யாணம் எண்டு முதல்ல சொல்லு.”